சட்டைப்பையைத் தேடும் கை

இதயத்தில் பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தேன். கைகளைத் தலைக்கு மேல் தூக்கக்கூடாது, முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டைதான் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பழைய சட்டை ஒன்றை மனைவி மாட்டிவிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது என் வலது கை தானாக எழுந்து இடது சட்டைப்பைக்குள் போனது. பை காலி. விரல்கள் துணிக்கு அடியில் இருந்த மருந்துக் கட்டின் விளிம்பில் இடித்து நின்றன. 27 ஆண்டுகள் சிகரெட் பெட்டி குடியிருந்த இடம் அது. பெட்டியின் நான்கு ஓரங்களும் துணியில் வெளிறிய கோடாகத் தெரிந்தன.

தினமும் ஒரு பெட்டி, அதாவது 20 சிகரெட். 27 ஆண்டுகளுக்குக் கணக்குப் போட்டால் 2 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அத்தனை முறை ஒரே இடத்துக்குப் போய்வந்த கைக்கு, இதயத்தில் மூன்று இடங்களில் அடைப்பு இருந்த விஷயத்தை யாரும் சொல்லவில்லை. மன உறுதியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அது எப்போதுமே கொஞ்சம் குறைவு. அதனால் நான் கையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

முதலில் ஓர் ஒப்புதல். மருத்துவமனையில் நான் புகைக்காமல் இருந்ததில் என் பங்கு எதுவும் இல்லை. உடலில் இருக்கும் நிகோட்டின் பாதியாகக் குறைய ஏறக்குறைய 2 மணி நேரம் போதும். அது இல்லாமல் உடம்பு படும் பாடு முதல் இரண்டு மூன்று நாள்களில்தான் உச்சத்தில் இருக்கும். அந்த நாள்களை நான் தீவிர சிகிச்சைப் பிரிவில், உடம்பெங்கும் குழாய்களோடு, வலி மருந்தின் மயக்கத்தில் கழித்தேன். வீட்டுக்கு வந்ததும் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் “விட்டுவிட்டேன்” என்று பெருமையாகச் சொன்னேன். சிறையில் இருந்தவன் துறவு பூண்டேன் என்று சொல்லிக்கொள்வது போலத்தான்.

அதற்கு முன்பு ஒரு பொய்யும் சொல்லியிருந்தேன். அறுவைக்குத் தேதி குறித்த அன்றே புகையை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்திவிட்டதாகச் சொன்னேன். அனுமதியாவதற்கு முந்தைய மாலை வரை பிடித்தேன். அதன் விளைவு அறுவைக்கு மறுநாளே நெஞ்சுச் சளியாக வந்து நின்றது. மூன்று பந்துகள் உள்ள சிறிய பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக மேலே எழ வேண்டும். நான் ஊதினேன். பந்துகள் அசையவில்லை. பயிற்சி கொடுக்க வந்த பெண் சிரிக்காமல் சொன்னார்: “ஊதக்கூடாது ஐயா, இழுக்க வேண்டும். இத்தனை வருடம் அதைத்தானே செய்தீர்கள்?” முதல் பந்து பாதி உயரம் எழுந்து விழுந்தது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்குப் பத்து முறை இழுக்கச் சொன்னார். அறுவைக்குப் பிறகு நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிக் கிடக்கும், அங்கே சளி தேங்கினால் நிமோனியா வரலாம் என்பதால்தான் இந்த வேலை.

சளி வெளியேற வேண்டுமானால் இரும வேண்டும். மார்பெலும்பை நடுவில் அறுத்து எஃகுக் கம்பியால் கட்டியிருக்கும் நிலையில் இருமுவது எளிதல்ல. ஒரு தலையணையை இரண்டு கைகளாலும் மார்போடு இறுக அணைத்துக்கொண்டு இரும வேண்டும். முதல் இருமலில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் இருமல் சில வாரங்கள் கூடியதே தவிரக் குறையவில்லை. புகையை விட்ட பிறகு எதற்கு இருமல் என்று குழம்பினேன். மூச்சுக்குழாயின் உட்சுவரில் அழுக்கை வெளியே தள்ளும் நுண்மயிர்கள் உண்டு. புகை அவற்றை முடக்கிவைக்கிறது. புகை நின்றதும் அவை மறுபடி வேலையைத் தொடங்குகின்றன. பழைய அழுக்கு மேலே வருவதுதான் அந்த இருமல். இது தெரியாமல், புகைத்தபோதே நன்றாகத்தான் இருந்தோம் என்று நினைத்துத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. சளியில் இரத்தம் இருந்தாலோ காய்ச்சல் வந்தாலோ மட்டும் வேறு கதை. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அறுவை செய்த மருத்துவர் அதிகம் பேசாதவர். வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஒரு தாளின் பின்பக்கம் இதயத்தை வரைந்து, அடைப்புகளைச் சுற்றி இரத்தம் போகும் புதுப் பாதைகளாக மூன்று கோடுகள் போட்டார். ஒன்று மார்பின் உட்புறம் ஓடும் தமனி. மற்ற இரண்டும் என் காலிலிருந்து எடுத்த சிரைகள். கால் சிரையை எடுத்து இதயத்தில் ஒட்டும் முறையை 1967இல் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரெனே ஃபவலோரோ அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் செய்துகாட்டியதிலிருந்து இந்தச் சிகிச்சை பரவியது. ஆனால் சிரை, தமனியின் அழுத்தத்தைத் தாங்கப் பிறந்ததல்ல. பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் மார்புத் தமனிகளில் பத்தில் ஒன்பது திறந்திருக்கும். கால் சிரைகளில் ஏறக்குறைய பாதி அடைபட்டிருக்கும். “நான் புதுப் பாதைதான் போட்டேன். பழைய பாதையைக் கெடுத்தது இதையும் கெடுக்கும்” என்று சொல்லிவிட்டு எழுந்தார். தாளை நான் வைத்துக்கொண்டேன்.

புகை எப்படிக் கெடுக்கிறது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நிகோட்டின் இதயத்தை வேகமாக அடிக்கவைத்து இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றோடு இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது. அதாவது இதயத்துக்கு வேலையைக் கூட்டிவிட்டு ஆக்சிஜனைக் குறைக்கிறது. குழாயின் உட்சுவர் புண்ணாகிறது, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. புதிதாகத் தைத்த குழாய்க்கு இதைவிடக் கெட்ட துணை கிடையாது.

வீட்டில் முதல் மாதம் என்னை நிறுத்திவைத்தது பயம் மட்டும்தான். புகை இல்லாத தொல்லைகளும் அறுவையின் தொல்லைகளும் ஒன்றாகக் கலந்து வந்தன. எது எதனால் என்று பிரிக்கவே முடியவில்லை. மலச்சிக்கல் இரண்டினாலும் வரும். முக்கினால் மார்பு வலிக்கும் என்பதால் அது சின்ன விஷயமல்ல, மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய் கசந்தது. மாலையானால் காரணமில்லாமல் அழுகை வந்தது. நான் அழுகிறவன் அல்ல. இதய அறுவைக்குப் பிறகு மனச்சோர்வு பலருக்கும் வருவதுண்டு என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் இரண்டு வாரம் அதை மறைத்துவைத்திருக்க மாட்டேன். உடற்பயிற்சிக்கும் கட்டு பிரிப்பதற்கும் மருத்துவமனை கொடுத்த குறிப்புத் தாளில் இடம் இருந்தது. இதற்கு ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்றும் யாரும் சொல்லாதது. இரவில் தூக்கம் வராமல் இதயம் படபடவென்று அடித்தது. தைத்தது பிரிந்துவிட்டதோ என்று பயந்து மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினேன். அங்கிருந்த செவிலியர் கேட்ட முதல் கேள்வி, “ஒரு நாளைக்கு எத்தனை காபி?” என்பதுதான். ஐந்து. எப்போதும் குடிப்பதுதான். ஆனால் சிகரெட் புகை கல்லீரலைத் தூண்டிக் காஃபீனை விரைவாகச் சிதைக்க வைக்கிறது. புகை நின்றதும் அந்தத் தூண்டல் நின்றுவிடும். அதே ஐந்து கோப்பை இரத்தத்தில் ஏறக்குறைய பத்துக் கோப்பையின் வேலையைச் செய்கிறது. இரண்டாகக் குறைத்தேன், அந்த வாரமே தூங்கினேன். படபடப்பு என்றால் காபிதான் என்று நீங்களே முடிவு செய்துவிட வேண்டாம். இந்த அறுவைக்குப் பிறகு இதயத் துடிப்பு தாறுமாறாவது அடிக்கடி நடப்பது, கேட்டுத் தெளிவதுதான் நல்லது. வேறு மாத்திரைகள் சிலவற்றின் அளவும் புகையை விட்டதும் மாற வேண்டியிருக்கும். ஆகவே விட்ட தேதியை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நடை ஐந்து நிமிடத்தில் தொடங்கியது, அதுவும் வீட்டுக்குள். பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஓரிரு நிமிடம் கூட்டினேன். நாடித்துடிப்பை எண்ணி வேகத்தை அளக்கப் பார்த்து ஏமாந்தேன். துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவனுக்கு எவ்வளவு வேகமாக நடந்தாலும் அது பெரிதாக ஏறாது. கூட வருகிறவரோடு பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும். சிரை எடுத்த கால் மாலையில் வீங்கும். உட்காரும்போது உயர்த்தி வைத்தால் வடியும். அறுத்த எலும்பு ஒன்றுசேர ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும் என்பதால் கனமான எதையும் தூக்கவோ, இழுக்கவோ, தள்ளவோ விடவில்லை. கதவைக்கூட மகள்தான் திறந்தாள். ஓரிரு நாளில் எடை சட்டென்று ஏறினால், தைத்த இடத்தில் நீர் கசிந்தால், அசையும்போது மார்பெலும்பு ‘கிளிக்’ என்றால் தாமதிக்காமல் அழைக்கச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அவை எதுவும் வரவில்லை.

எனக்கு வந்தது நல்ல செய்தி. அதுதான் என்னைக் கவிழ்த்தது.

நான்காம் மாதம். எலும்பு கூடிவிட்டது, 40 நிமிடம் நடக்கிறேன், மாடி ஏறினால் பழைய இறுக்கம் இல்லை. அன்று எக்கோ பரிசோதனை செய்து, இதயம் நன்றாக இயங்குகிறது என்ற அறிக்கையோடு அலுவலகம் போனேன். வாசலில் பழைய நண்பர் நின்றுகொண்டிருந்தார். அறிக்கையைக் காட்டினேன். அவர் மகிழ்ந்து கைகுலுக்கினார். பழக்கதோஷத்தில் பெட்டியை நீட்டினார், சட்டென்று பின்வாங்கினார். அதற்குள் என் கை ஒன்றை எடுத்துவிட்டது. தலை சுற்றியது. சுவையோ, எரிந்த ரப்பரைப் போல இருந்தது. அதில்தான் ஏமாந்தேன். இவ்வளவு கசக்கிறதே, இனி இது நம்மைப் பிடிக்காது என்று தைரியம் வந்தது. மூன்று நாள் கழித்து இன்னொன்று. பதினோராம் நாள் ஐந்து. மொத்தம் பத்தொன்பது நாள் ஓடியது.

பயத்தை மட்டும் நம்பியிருந்தால், உடம்பு தேறத் தேறக் காவல் குறைந்துகொண்டே வரும். இது அப்போது எனக்குத் தெரியவில்லை. துக்கத்தில், கோபத்தில்தான் சறுக்குவோம் என்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தொன்பதாம் நாள் மனைவியிடம் நானே சொன்னேன். “மூன்றாம் நாளே தெரியும்” என்றாள். எப்படி என்றேன். “வீட்டுக்குள் நுழைந்ததும் யாரிடமும் பேசாமல் நேராகக் கை கழுவப் போகிறீர்கள்.” ஏன் கேட்கவில்லை என்றதற்கு, “கேட்டால் பொய் சொல்வீர்கள். ஒரு தடவை பொய் சொல்லிவிட்டால் அதைக் காப்பாற்றவே தொடர்ந்து மறைப்பீர்கள். நீங்களாகச் சொல்லட்டும் என்று இருந்தேன்” என்றாள். திட்டு வாங்குவதைவிட இது கனமாக இருந்தது. புகைப்பவரின் வீட்டார் யாராவது இதைப் படித்தால், கேட்காமல் இருப்பதுதான் சரி என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அது பலித்தது, அவ்வளவுதான்.

மருத்துவரிடமும் சொன்னேன். அறுவை செய்தவரல்ல, மாத்திரைகளைக் கவனித்துவந்த இன்னொருவர். ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ என்று குறைத்துக்கொள்கிறேனே என்று பேரம் பேசிப் பார்த்தேன். அதற்கு அவர் சொன்ன கணக்கு என்னை உட்காரவைத்துவிட்டது. 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரு நாளைக்கு 20 சிகரெட் பிடிப்பவருக்கு இதய நோய் அபாயம் எவ்வளவு கூடுகிறதோ, அதில் ஏறக்குறைய பாதி, ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும் கூடிவிடுகிறது. இருபதில் ஒரு பங்கு புகைத்தால் இருபதில் ஒரு பங்கு ஆபத்து என்பது நாமாகப் போட்டுக்கொள்ளும் கணக்கு. மறுபக்கமும் சொன்னார். ஏற்கெனவே இதய நோய் வந்தவர்களைப் பற்றிய 20 ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் பார்த்தபோது, புகையை விட்டவர்கள் இறக்கும் அபாயம் விடாதவர்களைவிட 36 சதவீதம் குறைவாக இருந்தது. “இந்த அளவுக்குப் பலன் தருகிற மாத்திரை என்னிடம் அதிகம் இல்லை” என்றார்.

இந்த முறை நிகோட்டின் ஒட்டுப்பட்டை எழுதிக்கொடுத்தார். தோலில் ஒட்டிக்கொள்வது. 21 மில்லிகிராமில் தொடங்கி 14, 7 என்று படிப்படியாக இறக்குவார்கள். ஐந்து சிகரெட்டுக்குத் திரும்பியிருந்த எனக்கு நடுவிலிருந்து தொடங்கினார். விஷத்தை விடுவதற்கு விஷமா என்று சிலர் கேட்டார்கள். புகையில் இருப்பது நிகோட்டின் மட்டுமல்ல, கார்பன் மோனாக்சைடும் தாரும் சேர்ந்து 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள். பட்டையில் அவை இல்லை. நிகோட்டின் மெதுவாக ஏறுகிறது, சிகரெட்டைப் போல சில விநாடிகளில் மூளையைத் தாக்குவதில்லை. இதய நோயாளிகள் இதை மருத்துவரின் யோசனையோடுதான் பயன்படுத்த வேண்டும், அவர் சொல்லாமல் வாங்க வேண்டாம். அவசரத்துக்கு நிகோட்டின் சூயிங்கமும் கொடுத்தார். முதல் நாள் அதை மிட்டாயைப் போல மென்று விழுங்கி விக்கல் எடுத்து அவதிப்பட்டேன். சுள்ளென்று உறைக்கும் வரை மென்றுவிட்டு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவைக்க வேண்டும். உறைப்பு போனதும் மறுபடி மெல்ல வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் முன்பு காபி குடித்தால் வேலை செய்யாது.

இதெல்லாம் உடம்புக்கு. கைக்கு என்ன செய்வது?

ஒரு குறிப்பேடு வாங்கினேன். சிகரெட் பெட்டியின் அளவு, கொஞ்சம் தடிமன். அதே இடது பையில் வைத்தேன், கூடவே ஒரு துண்டுப் பென்சில். கை பைக்குள் போனால் அங்கே ஏதோ ஒன்று இருக்கும். விரல்களுக்கு நடுவில் பென்சில் வந்துவிடும். ஆசை எழும் நேரம், என்ன செய்துகொண்டிருந்தேன், எத்தனை நிமிடம் நீடித்தது, இந்த மூன்றையும் எழுதுவேன். “காலை 6.40. நாளிதழ். 4 நிமிடம்.” “பிற்பகல் 1.15. சாப்பிட்டு எழுந்தது. 6.” “3.30. தொலைபேசியில் காக்கவைத்தார்கள். 3.” எழுதி முடிப்பதற்குள் சில ஆசைகள் போயே போய்விட்டன.

இரண்டு வாரத்துப் பக்கங்களைப் புரட்டியபோது ஆச்சரியமாக இருந்தது. மிக நீண்டது 9 நிமிடம். இதைப் பொறுக்க முடியாது என்று 27 ஆண்டுகள் நம்பியிருக்கிறேன். அதைவிட, எழுதிய ஆசைகளில் இருபதுக்கு ஐந்தாறில்தான் உண்மையான தவிப்பு. மற்றதெல்லாம் காத்திருப்பு, சும்மா இருப்பது, யாராவது எழுந்து போனால் கூடப் போவது. எங்கே பள்ளம் என்று தெரிந்ததால் அங்கே மட்டும் பலகை போட்டேன். சாப்பிட்டதும் மேசையில் உட்காராமல் பல் துலக்கப் போனேன். தொலைபேசியை நின்றபடி, குறிப்பேட்டில் கிறுக்கிக்கொண்டே பேசினேன். நாளிதழை நாற்காலியிலிருந்து சமையலறைக்கு மாற்றினேன். வாசல் நண்பரிடம், “என் எதிரில் பெட்டியை எடுக்காதீர்கள், நான் எடுத்துவிடுவேன்” என்று வெட்கப்படாமல் சொன்னேன். அவர் இப்போது என்னைக் கண்டால் பெட்டியை மறைக்கிறார். வீட்டுக்குள் யாரும் புகைக்கக்கூடாது என்ற விதி என் அண்ணனுக்கும் பொருந்தும் என்றபோதுதான் கொஞ்சம் மனக்கசப்பு. அவர் மூன்று மாதம் வரவில்லை. பிறகு வந்தார், கீழே போய்ப் பிடித்துவிட்டு வருகிறார்.

எடை ஆறு கிலோ கூடியது. விடுபவர்களுக்கு முதல் ஆண்டில் சராசரியாக நான்கைந்து கிலோ கூடும் என்கிறார்கள், நான் கொஞ்சம் தாராளம். நாக்கில் ருசி திரும்பிவிட்டது, வாய் சும்மா இருக்க மறுத்தது. மருத்துவர் அதைப் பற்றி அவசரப்படவில்லை. எடையையும் புகையையும் ஒரே மாதத்தில் பிடித்தால் இரண்டும் நழுவும் என்றார். உப்பைக் குறைத்தேன், நாளொன்றுக்கு 5 கிராமுக்குள். பொரித்ததை விட்டேன், நடையைக் கூட்டினேன். ஆறில் நான்கு போயிற்று. மீதி இரண்டு என்னோடு இருக்கட்டும்.

மாத்திரைகளில் ஒரு தப்பு செய்தேன். கொழுப்புப் பரிசோதனை நன்றாக வந்ததும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை நானாக நிறுத்தினேன். அடுத்த பரிசோதனையில் கெட்ட கொழுப்பு 70க்குக் கீழிருந்து 130க்குப் போயிருந்தது. “குடை பிடித்ததால் நனையவில்லை. நனையவில்லை என்று குடையை மடக்கிவிட்டீர்கள்” என்றார் மருத்துவர். ஆஸ்பிரினையும் அப்படித்தான் யாரும் தன் இஷ்டத்துக்கு நிறுத்தக்கூடாது. பல் பிடுங்குவதற்குக்கூட இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

இப்போது மூன்று ஆண்டுகள் ஆகின்றன. விட்ட ஒரே ஆண்டில் இதய நோய் அபாயம் புகைப்பவரின் அபாயத்தில் பாதியாகிவிடும் என்று படித்திருக்கிறேன். என்னைப் போல ஏற்கெனவே குழாய் மாற்றியவனுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்டேன். “கணக்கை விடுங்கள், நடந்தீர்களா?” என்றார். நடந்தேன், 45 நிமிடம். மூன்று பந்துக் கருவி அலமாரியில் இருக்கிறது. மகள் எப்போதாவது எடுத்து இழுத்துப் பார்ப்பாள். மூன்றும் ஒரே மூச்சில் மேலே போய் ஒட்டிக்கொள்ளும். எனக்கு மூன்றாவது கொஞ்சம் தள்ளாடும்.

குறிப்பேட்டில் எழுத இப்போது அதிகம் இல்லை, மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ. போன வாரம் ஒரு கனவு. ஏதோ மொட்டைமாடியில் நின்று நிதானமாக ஒரு சிகரெட்டை முழுவதும் பிடித்து முடிக்கிறேன். கையில் அறிக்கைத் தாள்கூட இருந்தது. குற்ற உணர்வோடு விழித்து, இருட்டில் விரல்களை முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. எழுந்து போய்க் கொக்கியில் தொங்கிய சட்டையின் பையில் கையை விட்டுக் குறிப்பேட்டை எடுத்தேன். “அதிகாலை 4.10. கனவு. 2 நிமிடம்.”